கூடத்துத் தரை இறுகாதது பற்றி

பாளையங்கோட்டை,
1912 மார்ச் 4.

கர்த்தருக்குள் பிரியமுள்ள மருமகன் ஓவர்சியர் வேதநாயகத்துக்கு, அத்தை பாக்கியவதி எழுதுவது. தேவகிருபையால் இங்கே நானும் பசுவும் சுகம். கூடத்துத் தரை சுகமாயில்லை. அங்கே உன் மனைவி மக்கள் சுகமென்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

ரயில் எஞ்சின்கள் கழித்துப்போடும் நிலக்கரிச் சாம்பலைச் சலித்து, சூளையில் உடைந்த செங்கலின் தூளும் சுண்ணாம்பும் சேர்த்தால் சீமைச் சிமிட்டிக்கு ஈடாகும் என்று உன் எஞ்சினியர் துரையிடம் சொல்லிவிட்டாய். அதை மெய்ப்பிக்க உனக்கு என் வீடுதான் கிடைத்தது. கூடத்துக்குச் சாம்பல், அடுப்பங்கரைக்குச் சிமிட்டி, இரண்டையும் குழைக்க வெறுந்தண்ணீர் என்று கொத்தனார் நெல்லையப்பனிடம் சொல்லிவிட்டு நீ அம்பாசமுத்திரம் போனாய். நான் தூசிக்குப் பயந்து நாசரேத்துக்குப் போனேன். சாம்பல் நின்றால் உன் பாலங்களுக்கெல்லாம் அதுவே, நிற்காவிட்டால் உனக்குக் களக்காட்டு மலையடிவாரத்துக்கு மாற்றல் என்று துரை சொன்னாராம். "உள்ளத உள்ளபடி எழுதுங்க அத்தை, அவர் உங்க எழுத்தத்தான் நம்புவார்" என்றாய். எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் உன் கணக்குக்குச் சுழி போட்டபோதும் நான் உறவு பார்த்ததில்லை.

திரும்பி வந்து பார்த்தால் இரண்டு தரையும் ஒரே எருமை நிறம். ஆனால் கூடத்தில் கால் வைத்தால் களி மாதிரிப் பதிகிறது. நெல்லையப்பனைக் கேட்டேன். "உசந்த சரக்கு பைய இறுகும் யம்மா" என்றான். சாம்பலைக் கேலி செய்கிறான் என்று விட்டுவிட்டேன். ஒரு மாதம் பொறுத்து, போதகரின் மனைவி யூனிஸை நாற்காலி போட்டு உட்காரவைத்தேன், அவள் நீண்ட ஜெபம் பண்ணுகிறவள் என்பது உனக்குத் தெரியும், பின்னங்கால் இரண்டும் மெல்ல இறங்கி, தொடங்கும்போது தரையைப் பார்த்திருந்தவள் ஆமென் சொல்லும்போது உத்தரத்தைப் பார்த்திருந்தாள். அதோடு எறும்பு. ஊர் எறும்பெல்லாம் என் கூடத்தில். பசுவோ கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து தரையை நக்குகிறது, விரட்டினால் சுற்றிக்கொண்டு வந்து மறுபடி நக்குகிறது. எறும்பும் பசுவும் நிலக்கரி தின்னும் என்று சென்னைச் சர்வகலாசாலையில் எனக்கு எவரும் போதிக்கவில்லை. நான் படித்த இரசாயனம் பழசாகிவிட்டதோ, எஞ்சின்தான் வேறெதையாவது எரிக்கிறதோ, தெரியவில்லை.

அடுப்பங்கரைத் தரையோ பாறை. வேலைக்காரி சுடலைவடிவு அம்மியைக் கைதவறிப் போட்டாள். ஓடிப்போய் என்ன ஆச்சு என்றால், "அம்மிக்குத்தான் மூக்கு போச்சு யம்மா, தரை அங்கன அப்படியே இருக்கு" என்கிறாள்.

ஆகையால் என் தீர்ப்பு: சாம்பல் தரைக்கு ஆகாது, பாத்திரம் துலக்க ஆகும். சிமிட்டியே உத்தமம். இதைத் துரையிடம் அப்படியே காட்டு. களக்காட்டுக்குக் கம்பளியும் மலைக்காய்ச்சலுக்குக் கொயினாவும் எடுத்துப்போ. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

அன்புள்ள அத்தை,
பாக்கியவதி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரம் நெல்லையப்பன் கூலிக்கு வந்தான். சாம்பலைக் கரித்துக் கொட்டினேன். அவன் விழித்தான். "சாம்பலக் கூடத்துல போடுததாவது! பெரிய மனுசங்க வந்து போற எடமாச்சே. அடுப்பங்கரைதான யம்மா சாம்பலுக்கு எடம், அங்கன போட்டேன். சீமைச் சரக்கு கூடத்துக்கு. அத்தன தூரம் கப்பல்ல வந்ததுக்கு வெறுந்தண்ணியா விடுதது? ஒரு சிப்பம் கருப்பட்டி, என் கைக்காசு, சுண்ணாம்புக்கு விடுத மாதிரி கரைச்சு ஊத்துனேன்."

ஆகவே சிமிட்டி தானாகத் தோற்றதா, கருப்பட்டி தோற்கடித்ததா என்று எனக்குத் தெரியாது. சாம்பல் நின்றுவிட்டது, அது மட்டும் தெரியும். மறுபடி எழுத எனக்குக் கண் இல்லை. மேலே சாம்பல் என்று வருமிடத்தில் சிமிட்டி என்றும், சிமிட்டி என்று வருமிடத்தில் சாம்பல் என்றும் துரைக்கு வாசித்துக் காட்டு. கம்பளி வேண்டாம். அவர் நேரில் பார்க்க வந்தால் அடுப்பங்கரையில்தான் நாற்காலி போடுவேன், கூடம் பசுவுக்கு.