ஏகாம்பரத்தைப் பாதுகாத்த வகை

எங்கள் வங்கியின் தலைமை அலுவலகம் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது. அங்கே வாடிக்கையாளர் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்பது விதி. இருந்தால் போதும், வேறு எதையும் செய்யச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. அந்தத் தகுதி என்னிடம் பூரணமாக இருந்ததால் என்னை நியமித்தார்கள். விசிட்டிங் கார்டில் பதவியின் பெயரே பெரும்பாலான இடத்தை அடைத்துக்கொண்டதால், 'ஜெகதீஷ்' என்பதைப் பொடி எழுத்தில் ஓரமாகப் போட்டிருந்தார்கள்.

நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த என் சேவையில் குறுக்கிட்டவர் குத்தம்பாக்கம் ஏகாம்பரம். நிலம் விற்ற பணத்தை ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட எங்கள் பூந்தமல்லி கிளைக்குப் போயிருக்கிறார். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், பையில் இருந்தது இன்சூரன்ஸ் பாலிசி. அதைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்துவிட்டார்.

"எண்பத்தாறு வயசு வரைக்கும் வருசா வருசம் கட்டணுமாமே நைனா! அது வரைக்கும் நான் கீறேன்னு உங்க பேங்குக்கு யாரு சொன்னது?"

"அது உங்கள் ஆயுள்மீது வங்கி வைத்திருக்கும் நம்பிக்கை, ஐயா" என்றேன். சொன்ன பிறகு எனக்கே கூச்சமாக இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. "மழை வந்தா ஊடு ஒழுகுது. தளம் போடணும். என் துட்டைக் குடு."

அன்று எனக்கு என்னவோ ஆகிவிட்டது. நேராக எம்.டி. ஜானகிராமன் அறைக்குப் போய் விதிகளைச் சொன்னேன், மீறினால் வரும் அபராதத்தைச் சொன்னேன், ஒழுகும் வீட்டையும் சொன்னேன்.

"இதுல நமக்கு என்ன பிசினஸ்?" என்றார் எம்.டி.

"பிசினஸ் இல்ல சார். தப்பு பண்ணாம இருக்கலாம்."

"ரொம்ப நெகட்டிவா இருக்கே."

விற்பனைப் பிரிவின் தலைவி லாவண்யா, "ஆமா சார், நெகட்டிவ்" என்று போனைப் பார்த்தபடியே வழிமொழிந்தார்.

வேறு வழி தெரியாமல் ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். "சார், பெரிய பேங்க் எல்லாத்துலயும் இப்ப இதுதான் ட்ரெண்ட். பாதுகாப்பு பத்திப் பேசத் தெரியாத எம்.டி.யைக் கருத்தரங்குக்கே கூப்பிடுறதில்லையாம்."

ஜானகிராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்புறம் நாம ஏன் இன்னும் ஆரம்பிக்கல?"

ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கிளையும் மாதம் இத்தனை பேரைப் பாதுகாத்தே ஆக வேண்டும் என்று டார்கெட் வந்தது. இலவசமாகக் கொடுத்தால் பாதுகாப்புக்கு மரியாதை இருக்காது என்று லாவண்யா கருதியதால், 'கவசம் கோல்டு' என்று பெயரிட்டு ஆண்டுச் சந்தா விதித்தார்கள். ஏமாற்றப்பட்டவர் புகார் கொடுக்கலாம். ஆனால் புகார் கொடுக்கும் உரிமை கவசம் உறுப்பினருக்கு மட்டுமே.

ஏகாம்பரம் மறுபடி வந்தார். நெஞ்சில் 'நான் பாதுகாப்பாக இருக்கிறேன்' என்று அச்சடித்த டி-ஷர்ட்.

"பூந்தமல்லி பேங்க்ல போயி உன் பேரைச் சொன்னேன் நைனா. இன்னொரு கையெழுத்து வாங்கிகினு, இத்த மாட்டி அனுப்பிட்டாங்க. பாலிசி அப்டியே கீது."

கோபத்தோடு லிஃப்டில் மேலே போனேன். "நான் கேட்டது இது இல்ல சார்!"

"ரொம்ப அடக்கம் உங்களுக்கு" என்றார் ஜானகிராமன். "எல்லாம் உங்க ஐடியாதானே? இன்னையிலேர்ந்து நீங்க உதவித் தலைவர்."

கீழே இறங்கும்போது கையில் ஜன்னலோர அறையின் சாவி இருந்தது. கோபத்தை எந்த மாடியில் விட்டேன் என்று நினைவில்லை.

ஏகாம்பரம் மகளின் வளையல்களை அடகு வைத்துத் தளம் போட்டார். அடகு பிடித்ததும் எங்கள் பூந்தமல்லி கிளைதான்.

திட்டத்தின் வெற்றி விழா போரூரில் ஒரு ஹோட்டலில் நடந்தது. பாதுகாக்கப்பட்டவர்களின் பிரதிநிதியாக ஏகாம்பரத்தைக் கார் வைத்து அழைத்து வந்து, பொன்னாடை போர்த்தி, மைக்கைக் கொடுத்தார்கள். உண்மை வெளிவரப் போகிறது என்று எனக்குப் பாதி பயம், பாதி ஆசை.

அவர் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "சாருங்களே, இந்தப் பாதுகாப்பு எனுக்கு வேணாம். முன்ன ஏமாத்துனீங்க பாரு, அந்த மாரியே ஏமாத்திக்கினு இருங்க. அது எவ்ளோ தேவலை!"

ஜானகிராமன் முதலில் கைதட்டினார். உடனே அரங்கமே தட்டியது. நானும் தட்டினேன், உதவித் தலைவர் என்ற முறையில் கொஞ்சம் பலமாகவே.

திங்கட்கிழமை எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை போனது: 'வாடிக்கையாளரின் அன்பான வேண்டுகோளுக்கிணங்க, கவசம் கோல்டுடன் பழைய முறையும் சேர்ந்தே தொடரும்.'

அடியில் இருந்த கையெழுத்து என்னுடையது.