பாக்கியவதியின் பாலே ஷூ விஷயமாக எரிக் மச்சானுக்கு

ஊரிகம்,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய எரிக் மச்சானுக்கு,

ஏனோக் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உங்கள் தங்கை பாக்கியவதியும் சுகம். பெங்களூரில் நீங்களும் லூயிசா அக்காவும் நலமாக இருக்க ஜெபிக்கிறோம். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் போனை எடுத்தாலே உங்கள் தங்கை பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள்.

விஷயம் இதுதான். ஐம்பத்தெட்டு வயதில் அவள் பாலே ஆடப் போகிறாள், அதுதான் வெள்ளைக்காரர்கள் நுனிக்காலில் நின்று ஆடுகிற ஆட்டம். ராபர்ட்சன்பேட்டையில் ஷைலா டீச்சர் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். அடுத்த மாதம் முதல் ஞாயிறு, சர்ச் ஹாலில், சபையார் எல்லோர் முன்னாலும் ஆட்டம். "வேணாம்மா, நாலு பேர் சிரிப்பாங்க" என்றேன். "சிரிக்கறவங்க சிரிச்சிட்டுப் போறாங்க. நீங்க இந்த எலாஸ்டிக்கைத் தெச்சிக் குடுங்க" என்று ஒரு ஜோடி ஷூவை மடியில் போட்டாள். ஷூ கழலாமல் பாதத்தைப் பிடித்துக்கொள்கிற எலாஸ்டிக் தனியாகத்தான் வருமாம், நாம்தான் தைக்கணுமாம்.

முதலில் எது இடது, எது வலது என்றே தெரியவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அரைமணி நேரம் கத்தின பிறகு, இந்த ஷூவில் இடது வலது கிடையாது என்கிறாள். இதை முன்னாடியே சொன்னா இன்னா? சரி என்று, செருப்புத் தைக்கிற மெழுகு நூலால் நாலு சுற்று இழுத்துத் தைத்தேன். பதினாறு வருஷம் தங்கச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் கயிறு பரிசோதித்தவன் நான், டெஸ்ட் பண்ணாமல் எதையும் கையை விட்டு அனுப்பினதில்லை. கயிறு என்றால் தூக்குகிற பாரத்தைப்போல் பத்து மடங்கு தாங்கணும். "பாக்கியவதி, உன் எழுபத்திரண்டு கிலோவைப் பத்தால பெருக்கு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன், பக்கத்து வீட்டு சரோஜம்மா வாசலில் நிற்பது தெரியாமல். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு கிடையாது. எழுநூற்றிருபது கிலோவுக்கு எங்கே போவது, குக்கரில் தண்ணி ரொப்பி எலாஸ்டிக்கில் மாட்டித் தொங்கவிட்டேன். தையல் அசையவில்லை மச்சான். ஷூதான் கிழிந்தது. மற்றதை அவள் போட்டுப் பார்த்தாள். ஷூவின் வாயோரமாக உள்ளே ஓடுகிற சுருக்குக் கயிற்றையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன் போல, தளர்த்த முடியவில்லை, கால்விரல் நீலமாகிவிட்டது, கத்தரியால் வெட்டித்தான் காலை வெளியே எடுத்தோம்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. புது ஜோடி வாங்கிவந்து, மறுபடியும் என் மடியிலேயே போட்டாள். "நீங்க தெச்சாதான் எனக்கு தைரியம்" என்றாள். உடனே ஊசியில் நூல் கோத்தேன். ஆனாலும் பயம் போகவில்லை. அவளைப் பார்த்து ஒரே ஒருத்தர் சிரித்தாலும் என்னால் தாங்க முடியாது. ஆகவே முந்தின நாளே ரயிலேறி வந்து, அண்ணன் என்கிற முறையில் அவளைத் தடுத்து நிறுத்தவும். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

அக்காவுக்கு என் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் பயணத்தைக் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
ஏனோக்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் ஷைலா டீச்சர் வந்தார். ஆட்டத்தின் முடிவில் பாக்கியவதியைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமாம், யாரையோ கேட்கப் போகிறாராம். அந்த பாரத்தை ஊர் பேர் தெரியாதவனை நம்பி எப்படி விடுவது? நானே ஒத்துக்கொண்டேன். தடுக்க வர வேண்டாம், பார்க்க வாருங்கள். வரும்போது எனக்கு எட்டாம் நம்பரில் பாலே ஷூ ஒரு ஜோடி வாங்கி வரவும். எலாஸ்டிக் தைக்காததாக இருக்கட்டும். பாக்கியவதி தைத்தால்தான் எனக்கு தைரியம்.