ரிட்டர்ன் சார் அனுமதி கேட்கப் போனார்

துவாக்குடி வட்டாரத்தில் ரிட்டர்ன் சாரிடம் போய்ச் சேதாரமில்லாமல் திரும்பிய பொருள் எதுவும் கிடையாது. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துக் கையிலேயே திருப்பிக் கொடுப்பார். பகலில் ஒரு பட்டறையில் வேலை. மிச்ச நேரமெல்லாம், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள் தொகுப்பு ஒன்றுக்கு வரும் புது நிரல்களைச் சரிபார்ப்பார். சம்பளம் கிடையாது, திருப்பி அனுப்பப்பட்டவர்களின் திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். 'ரிட்டர்ன் சார்' என்ற பெயரும் நாங்கள் வைத்ததுதான்.

என் நண்பன் முரளி, லைப்ரரி என்று சொல்லும் ஒரு துணை நிரல் எழுதியிருந்தான். மற்ற மென்பொருள்கள் அதைச் சேர்த்துக்கொண்டால், வரி முடியும் இடத்தில் தமிழ்ச் சொல் கண்டபடி உடையாது. அதைத் தொகுப்புக்கு அனுப்புவதற்குள் நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்துபோனான். உழைப்பு வீணாகக் கூடாதென்று நான் அனுப்பினேன்.

ரிட்டர்ன் சார் போன் செய்தார்.

"லைசென்ஸ் இல்லைங்க. யாரு எடுத்துக்கலாம்னு எழுதினவரு சொல்லணும்."

"அவன் செத்துட்டான் சார்."

"அப்ப உரிமை அவங்க வீட்டுக்குத்தானே, அவங்க அப்பாகிட்ட கேக்கணுங்க" என்றார்.

இவனெல்லாம் மனுஷனா என்று போனை வைத்துவிட்டேன். மறுநாள் காலை இஸ்திரி போட்ட சட்டையோடு ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு வாசலில் நிற்கிறார்.

"தனியா போக பயமா இருக்குங்க. நீங்களும் வாங்க."

முரளியின் அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மகன் போனதிலிருந்து யாரிடமும் பேசவில்லை. ரிட்டர்ன் சார் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தார்: "உங்க பையன் எழுதினதுல ஒரு குறை இருக்குங்க."

அவர் காலை மிதித்தேன். காலைத் தள்ளி வைத்துக்கொண்டு தொடர்ந்தார். "யாரு எடுத்துக்கலாம்னு எழுதாம விட்டுட்டாரு. மத்தபடி வரி வரியா படிச்சேன். குறை சொல்ல ஒரு இடம் கிடைக்கலைங்க. எனக்கு இப்படி ஆனதே இல்லை."

"அது என்னதாங்க பண்ணும்?" என்று பெரியவர் வாய் திறந்தார்.

ரிட்டர்ன் சார் சுற்றிலும் பார்த்தார். வாசல் சுவரில் முரளியின் படம் போட்ட போஸ்டர், நண்பர்கள் அவசரத்தில் அடித்தது. மேல்வரியில் 'கண்ணீ', கீழ்வரியில் 'ர் அஞ்சலி'. அவர் கையைப் பிடித்து நிறுத்தப் போனேன். அதற்குள் விரலை நீட்டிவிட்டார்.

"இது உடைஞ்சிருக்கு பாருங்க. உங்க பையன் எழுதினது இருந்தா இப்படி ஆகாதுங்க."

பெரியவர் போஸ்டரையே பார்த்தார். திடீரென்று சிரித்தார். பாதியில் அது அழுகையாக மாறியது. உள்ளே முரளியின் அம்மாவும் அழுதார்.

"எல்லாரும் எடுத்துக்கட்டும்" என்றார் பெரியவர் கடைசியில். "அவன் பேரு இருக்குமா?"

"யாரு எடுத்தாலும் பேரை எடுக்க முடியாதுங்க. நான் விட மாட்டேன்."

அங்கேயே பெரியவரின் போனிலிருந்து சம்மத மெயில் போனது. லைப்ரரி தொகுப்பில் சேர்ந்தது.

பஸ் ஸ்டாப்பில் ரிட்டர்ன் சார் கேட்டார்: "நான் ஏதாவது தப்பா பேசிட்டேனாங்க?"

"இல்லைங்க சார்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். துவாக்குடி பஸ் வந்து நின்ற பிறகும் விட மனசு வரவில்லை.