அரியதரப் பெட்டிக்குள் வில்லுக்கத்தி

கத்தி வைத்திருப்பவன் துணிந்தவன் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். முப்பத்தொரு வருடங்கள் காற்சட்டைப் பையில் வில்லுக்கத்தியோடு திரிந்தவன் நான். முப்பத்தொரு வருடங்களும் பயந்துகொண்டுதான் திரிந்தேன்.

மான்கொம்புப் பிடி. மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். திறக்கும்போது ஒரு ‘டக்’, மூடும்போது இன்னொரு ‘டக்’. மூடுகிற சத்தம்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். பென்சில் சீவ, மாம்பழம் தோலுரிக்க, சைக்கிள் ரியூப்புக்கு இறப்பர் நறுக்க என்று ஒரு நாளில் பதினேழு தடவை அதை வெளியே எடுப்பேன். எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்பது தடவை ஒரு வேலையும் இருக்காது. சும்மா திறந்து, துடைத்து, மூடுவேன். (மனைவி இதைக் ‘கத்திக்குப் பால் குடுக்கிறது’ என்பாள்.)

தொண்ணூறுகளின் நடுவில், போரால் இடம்பெயர்ந்து முள்ளியவளையில் இருந்தோம். மூத்த மகள் வசந்திக்குப் பேசிய இரண்டு சம்பந்தங்கள் ஓட்டத்தில் குழம்பிவிட்டன. மூன்றாவது ஒட்டுசுட்டானில் வயல் செய்யும் ஒரு கமக்காரர் வீடு. இதற்குத்தான் அவள் முதல் தடவையாக வாய் திறந்து “ஓம்” என்றாள்.

மாப்பிள்ளைப் பொடியனின் தாய் எங்கள் வீட்டுக்கு வந்து, நல்ல நாள் பார்ப்போம் என்றார். கணித ஆசிரியன் விடுவேனா? நாள், சகுனம், பேய் எல்லாம் கணக்குத் தெரியாதவர்களின் கற்பனை என்று நாற்பது நிமிடம் விளக்கினேன். அவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். என் விளக்கத்தில் மெய்மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

பிறகு முடிவு கேட்க நாங்கள் போகவேண்டிய முறை. சீனிக்கு அலைந்து திரிந்து, மனைவி அரிசிமாவில் ஐம்பத்தொரு அரியதரப் பலகாரம் சுட்டு ஓலைப்பெட்டியில் அடுக்கினாள்.

“பொரிச்ச சாமானப்பா. உச்சி வெயிலுக்கை காட்டுப் பாதையால போறம். பேய் பின்னால வரும், ஒரு இரும்பு வைக்கவேணும்.”

ஆணி தேடினோம். அந்த நாட்களில் ஆணிக்கும் தட்டுப்பாடு.

“உங்கட கத்தியை வையுங்கோவன்.”

“விசர்க்கதை கதையாதை.”

“அப்ப சரி, வையாமலே போவம்.”

மூன்று விநாடி யோசித்தேன். நானே வைத்தேன்.

பாதி வழியில் சைக்கிளை நிறுத்தினோம். மனைவி தண்ணீர் குடிக்க ஒரு வீட்டு வளவுக்குள் போனாள். நானும் பெட்டியும் காடும் மட்டும். எங்கோ ஒரு கிளை முறிந்தது. கத்தியை எடுத்துத் திறந்து பிடித்துக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. திறந்த கத்தி சும்மா இருக்கலாமா? ஓர் அரியதரத்தை வெட்டிப் பார்த்தேன். வெண்ணெய் போல் இறங்கியது. தின்றேன். மிச்சம் ஐம்பது என்பது பிறகுதான் உறைத்தது. நல்ல காரியத்துக்கு இரட்டை எண் ஆகாது! இன்னொன்றையும் வெட்டித் தின்று நாற்பத்தொன்பது ஆக்கினேன். (சகுனம் கற்பனை என்றவனும் நான்தான்.) அதற்குள் மனைவியின் செருப்புச் சத்தம். கத்தியை மடக்க நேரமில்லை. அப்படியே உள்ளே செருகி மூடினேன்.

ஒட்டுசுட்டானில் பொடியனின் தாய் எங்களைக் கதிரையில் இருத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தார். அரியதரங்களின் நடுவில், அலகு மேலே பார்க்க, என் கத்தி குத்திட்டு நின்றது.

“மாஸ்ரர், சம்பந்தம் பேச வந்தனீங்களோ, வெட்டிக் கொத்த வந்தனீங்களோ?”

“அது... வெட்டிச் சாப்பிட வசதியாய் இருக்குமெண்டு...”

“வெட்டித்தான் தின்னவேணுமோ? அவ்வளவு கல்லோ?”

இரண்டு நாள் மாவிடித்துச் சுட்ட மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் நேராகச் சந்திப்பதில்லை.

“கத்தி குடுத்தால் உறவு அறும். அது தெரியாத ஆளோ நீங்கள்?” அவர் பெட்டியை எங்கள் பக்கமாகத் தள்ளினார்.

வசந்தியின் “ஓம்” காதில் கேட்டது. இனி அவள் அந்தச் சொல்லைச் சொல்வாளோ தெரியாது. எழுந்து நின்றேன்.

“எனக்குப் பேய்ப் பயம்,” என்றேன். “சின்ன வயதில இருந்து. அதுதான் இரும்பு வைச்சனான். ரெண்டு அரியதரத்தைத் திண்டதும் நான்தான். பிள்ளைக்கு இதிலை ஒரு பங்கும் இல்லை.”

 பொடியனின் தாய் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

“மாஸ்ரர், உண்மையைச் சொல்லுறன். இண்டைக்கு ‘வேண்டாம்’ எண்டு சொல்லத்தான் இருந்தனாங்கள். அண்டைக்கு நீங்கள் கதைச்ச கதைக்கு, உங்களோட சம்பந்தம் வைச்சால் ஒரு விளக்குக் கொளுத்தவும் விடமாட்டியள் எண்டு பயந்துபோனன்.” முந்தானையால் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. “நீங்களும் எங்கட ஆள்தானே! உந்தக் கத்தியை எடுங்கோ, நான் தொடமாட்டன். தை மாதத்துக்கு நாள் பாப்பம்.”

அந்தத் தையில் கல்யாணம் நடந்தது. ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டுப் படலையை நான் தனியாகத் தாண்டியதில்லை. தாண்ட விடமாட்டார்கள். “மாஸ்ரர் வெளிக்கிடுறார், ஆரும் கூடப் போங்கோ” என்று சம்பந்தியம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். எண்பத்திரண்டு வயதிலும் அந்தக் குரல் குறையவில்லை. குசினி அடுப்படியில் சிரிப்புக் கேட்கும்.

இப்போது கூட வருகிறவள் பேத்தி. பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்கிறாள்.

“அம்மப்பா, கையைத் தாங்கோ. புளியமரம் வருது.”

வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடத்துக்குப் பதினொரு மரங்கள். இந்தப் பகிடி எனக்குப் பழகிவிட்டது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். பதினோராவது மரம் தாண்டும் வரை கையை மட்டும் விடுவதில்லை.