நசுங்காத எலுமிச்சம்பழம்

வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வந்து, அதே கையால் இதை எழுதுகிறேன். இதில் ஒரு வரி பொய்யாக இருந்தாலும் என் தலையில் பல்லி விழட்டும். தங்கப் பல்லி அல்ல, சாதாரணப் பல்லியே விழட்டும். நான் சொல்வது அத்தனையும் உண்மை. உதயகுமார் சொல்வதற்கு உதயகுமார்தான் பொறுப்பு.

அந்த வெள்ளிக்கிழமை காலையில், பிள்ளையார்பாளையத்தில் உதயகுமார் வீட்டு வாசலில் நின்ற சிவப்புக் காரின் நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கற்பூரம் காட்டியாயிற்று. அவர் மனைவி சங்கரி பட்டுப்புடவையும் தேங்காய்த் தட்டுமாக முன்சீட்டில் உட்கார்ந்தாயிற்று. கச்சபேஸ்வரர் கோயில் வரை ஒரு வெள்ளோட்டம். அது நல்லபடியாக முடிந்தால், அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவள் பிறந்த ஊரான தென்னேரிக்குப் பயணம்.

உதயகுமார் சாவியைத் திருப்பினார். என்ஜின் ஒரே உறுமலில் எழுந்தது. தெருவிலிருந்த தறிகள் நின்றன. வாசலுக்கு வாசல் தலைகள் முளைத்தன. உதயகுமார் இன்னும் கொஞ்சம் உறுமவிட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டார்.

“சங்கரி, ஒரு சத்தம் கேக்குதா?”

“கேக்குதே. கார் சத்தம்.”

“அது இல்லமா. அதுக்குள்ள டிக்கு டிக்குன்னு ஒண்ணு.”

“பக்கத்து வூட்டுத் தறியா இருக்கும்.”

“அவன் தறிய நிறுத்திட்டு நம்மளத்தான் பாத்துக்கினு இருக்கறான். இது டேப்பெட் சத்தம். இதோட ஒரு அடி நகர்த்தினாலும் என்ஜின் கைக்கு வந்துடும். எறங்கு.”

சங்கரி இறங்கினாள். தட்டைத் திண்ணையின் மேல் வைத்துவிட்டு, குனிந்து நான்கு எலுமிச்சம்பழங்களையும் பொறுக்கிக்கொண்டாள். ஒன்றுகூட நசுங்கவில்லை. இப்படிச் சேர்ந்த பழங்களில் அவள் ஏற்கெனவே ஒரு ஜாடி ஊறுகாய் போட்டிருந்தாள். இரண்டாவது ஜாடி அன்று ஆரம்பமானது.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால் வேகத்துக்கென்றே செய்த ரகம். ஓட்டத் தெரிந்தவன் கையில் கிடைத்தால் பறக்கும் என்பார்கள். கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் இந்தக் கதையில் கார் மேல் ஒரு தப்பும் இல்லை. போன வருஷம் அதை விற்றவரே சென்னையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து, வாசலில் நிறுத்தி, சாவியை உதயகுமார் கையில் வைத்துவிட்டு பஸ் ஏறிப் போனார். அன்று நின்ற இடத்தில்தான் இன்றும் நிற்கிறது.

நிற்கிறதே தவிர, உதயகுமார் அதைச் சும்மா விட்டதில்லை. தறியை விட்டு எழுந்தால் கார்தான். யூட்யூபில் ஒரு ரஷ்யாக்காரன் இந்த ரகக் காரை அக்கக்காகக் கழற்றிக் காட்டுவான். அவன் பேசுவது உதயகுமாருக்கு ஒரு எழுத்தும் புரியாது. கை செய்வது புரியும். கரையையும் உடலையும் இழை இழையாகக் கோத்துக் கோர்வைப் புடவை நெய்கிற கைக்கு அது போதாதா?

சங்கரிக்கு இந்தத் தென்னேரிப் பயணம் சாதாரண விஷயமில்லை. தம்பி தனசேகரன் வீடு கட்டிக் குடிபோகிறான். கல்யாணமான நாள் முதல் அவள் பிறந்த வீட்டுக்குச் சீர்த் தட்டோடு பஸ்ஸில்தான் போய் இறங்கியிருக்கிறாள், கசங்கின புடவையும் பிதுங்கின வாழைப்பழமுமாக. இந்த ஒரு தடவை சொந்தக் காரில், புருஷன் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போய் இறங்க வேண்டும். உறவுக்காரர் எல்லோருக்கும் சொல்லியும் விட்டாள்.

“இன்னாங்க, நம்ம லோகேஷ் லாரி ஓட்டறான் இல்ல? அந்த ஒரு நாள் அவனக் கூப்டுக்கலாமா? நீங்க பின்னாடி ஜம்முனு உக்காந்துக்கினு வரலாம்.”

உதயகுமாருக்குக் கோபம் வந்தது. “செங்கல் லாரி ஓட்டறவன் கையில இதைக் குடுக்கறதா? இது காரும்மா! நான் பாத்துக்கறேன், விடு.”

டேப்பெட்டைச் சரிசெய்ய, உள்ளே இருக்கும் மயிரிழை இடைவெளியை அளக்க வேண்டும். அதற்கென்று ஒரு தகடு உண்டு. அது அவரிடம் இல்லை. ஜரிகை இருந்தது. இரண்டு இழை நுழைந்தால் சரி, மூன்று நுழைந்தால் தப்பு என்று கணக்கு வைத்து வேலையை முடித்தார். வேலை முடிந்தது. ஆனால் என்ஜின் மூடியைக் கழற்றியதில் ஆயில் கசியாமல் அடியில் அடைத்திருந்த பேக்கிங் நார் நாராகக் கிழிந்துவிட்டது.

மார்க்கெட் பக்கம் பழைய உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஹயாத் பாஷாவுக்குப் போன் போட்டார்.

“பாய், மூடிக்கு பேக்கிங் வேணும்.”

“அந்த வண்டிக்கா? சென்னைலேர்ந்து வரணும்பா. நாலு நாள் பொறு.”

உதயகுமார் பொறுக்கவில்லை. பேக்கிங் என்றால் கெட்டியான ஓர் அட்டைதானே! புடவையில் எந்த இழை மேலே வரவேண்டும் என்று தறிக்குச் சொல்வதற்குத் துளை போட்ட ஜக்கார்டு அட்டைகள் அவர் வீட்டில் அடுக்கடுக்காகக் கிடந்தன. ஏழெட்டை எடுத்து அளவாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மூடியை முடுக்கினார். அட்டையில் துளை இருக்கிறதே என்பது அவருக்குத் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து அந்தத் துளைகளைப் பார்த்தவருக்கு அட்டை என்றாலே அப்படித்தான்.

சாவியைத் திருப்பினார். துளைகள் வழியே ஆயில் பீச்சி, எதிரே புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்த சுவரில் போய் விழுந்தது. அணைத்துவிட்டுப் பார்த்தால், சுவர் முழுக்க அன்னப்பட்சி. வரிசை வரிசையாக, மூக்கில் கொடியோடு. ஓர் அட்டைக்கு ஒரு வரிதானே விழும், முழு அன்னம் எப்படி வரும் என்று நெசவு தெரிந்தவர்கள் கேட்பார்கள். என்ஜின் கொஞ்ச நேரம் ஓடியது என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும்.

அது ஆதிகேசவன் வீட்டுச் சுவர். ஆதிகேசவன் டிசைன் போடுகிறவர்; அடுத்த புடவைக்கென்று அவர் கொடுத்து வைத்திருந்த அட்டைகளும் உதயகுமாரின் அடுக்கில்தான் இருந்தன. ஓடி வந்தவர் சுவர் பாழானதைப் பார்க்கவே இல்லை.

“அடப்பாவி, இது என் டிசைன் ஆச்சே! இன்னும் எந்தப் புடவையிலும் வரலியே! நடுத்தெருவுல போட்டுக் காட்டினா நாளைக்கே எல்லாத் தறியிலயும் ஏத்திடுவானுங்களே!”

“மன்னிச்சிக்கோ கேசவா. பேக்கிங்குக்கு அட்டை வெச்சேன்.”

“ஏன்பா, அத்தி வரதரே நாப்பது வருசத்துக்கு ஒரு வாட்டி வெளிய வர்றாரு. உன் கார் எப்பபா வெளிய வரும்?”

தெரு சிரித்தது. உதயகுமாரும் சிரித்தார். சிரிப்பு முடிந்து எல்லோரும் உள்ளே போன பிறகும் அவர் போகவில்லை. காருக்குள் ஏறி, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்ஜினைப் போடாமலே அந்த அன்னங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல சாயங்காலம் அப்படி உட்கார்ந்திருப்பார். கார் மேல் அவ்வளவு பிரியம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

சங்கரி வந்து ஜன்னலில் கை வைத்தாள்.

“நான் வேணா ஓட்டக் கத்துக்கட்டா?”

“நீயா!” என்று சிரிக்க ஆரம்பித்தார். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது.

“உங்களுக்கு என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?”

“இன்னா சொல்லணும்? பெல்ட்டு மேல ஆயில் பட்டுடுச்சி. வழுக்கும். அதத்தான் யோசிச்சிக்கினு இருக்கறேன்.”

“சரி. சும்மாதான் கேட்டேன்,” என்று அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை நல்ல பேக்கிங் வந்து சேர்ந்தது. ஆயில் பட்ட ஃபேன் பெல்ட்டைப் பெட்ரோலில் ஊறப்போட்டுக் கழுவினார். அது உப்பி, சிலந்தி வலை மாதிரி விரிசல் விட்டது. புது பெல்ட்டுக்குச் சொல்லலாமே என்றாள் சங்கரி. சொல்லவில்லை. தறியில் உட்கார்ந்து, பட்டு நூலை ஏழு புரியாக முறுக்கி, பெல்ட்டை அவரே நெய்ய ஆரம்பித்துவிட்டார். நெய்கிற கை சும்மா இருக்குமா? இரண்டு ஓரத்திலும் மயில்கழுத்துப் பச்சையில் கரை வேறு வைத்தார்.

“எனக்கு ஒரு புடவ நெய்யச் சொல்லி எத்தினி வருசமா கேக்கறேன். காருக்குக் கரை வெச்சுக் குடுக்கறீங்க.”

“சும்மா இருமா, எழை அறுந்துடப் போவுது.”

அந்தப் பட்டு பெல்ட் அறுந்தது, என்ஜினில் சுற்றிக்கொண்டது என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். நடந்ததைத்தான் சொல்ல முடியும். பெல்ட் அற்புதமாக உட்கார்ந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஹயாத் பாஷா தானே வந்து, பானெட்டில் காதை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார்.

“மாஷா அல்லா! ஊசி மாதிரி ஓடுதுபா உதயா. இந்தச் சத்தத்தக் கேட்டு எத்தினி வருசம் ஆவுது! நாளைக்குக் காலைல தைரியமா கெளம்பு.”

“டிக்கு டிக்குன்னு ஏதாவது கேக்குதா பாய்?”

“ஒண்ணும் இல்ல.”

“நல்லாக் கேளுங்க.”

“அல்லா சத்தியமா ஒண்ணும் இல்லபா.”

பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன் மாதிரி உதயகுமாரின் முகம் வாடியது. பாவம், இனி பிரித்து மேய ஒன்றும் இல்லையே என்று வருத்தப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்குள் போனேன்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் உதயகுமார் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். “பாவு விரிக்கணும், ஒரு கை குடுங்க.” எங்கள் தெருவில் பாவுக்குக் கூப்பிட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஒரு புடவைக்கான மொத்தப் பட்டு இழையும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, நீவிக் காயவைக்க வேண்டும். எல்லோரும் போய்க் கை கொடுத்தோம். அப்படி விரித்த பாவை வேலை முடியாமல் அவிழ்க்க முடியாது. மந்திரி கார் வந்தாலும் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

சங்கரி பட்டுப்புடவை உடுத்தி, பூ வைத்து, நான்கு எலுமிச்சம்பழத்தோடு வாசலுக்கு வந்தாள். காரின் மூக்குக்கு முன்னால் ஆரம்பித்து தெருக்கோடி வரை அரக்கு நிறத்தில் பாவு மின்னிக்கொண்டிருந்தது.

“இன்னிக்கு எதுக்குப் பாவு போட்டீங்க?”

“வெயில் நல்லா அடிக்கும்னு தோணிச்சு.”

“நேத்து வெயில் இல்லியா?”

உதயகுமார் ஒரு இழையை நீவினார். ஏற்கெனவே நேராக இருந்த இழை அது.

அதற்குள் போன் அடித்தது. தனசேகரனின் குரல் பாவுக்கு அந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது.

“அக்கா, எங்க வந்துக்கினு இருக்கறீங்க? கார் நிறுத்தறதுக்கு முருங்கக் கிளைய வெட்டிட்டு எடம் பண்ணி வெச்சிருக்கறேன். அந்த எடத்துல கோலம்கூடப் போட்டாச்சு. மாமாவ மெதுவா ஓட்டினு வரச் சொல்லு.”

சங்கரி கணவனைப் பார்த்தாள். அவர் பாவைப் பார்த்தார்.

“நான் பஸ்ஸுல வந்துடறேன்டா. கெளம்பற நேரத்துல வண்டியில ஏதோ சத்தம். பாவம், அவரும் ராத்திரி பகலா பாத்தாரு.”

போனை வைத்துவிட்டு, எலுமிச்சம்பழங்களைப் பையில் போட்டுக்கொண்டாள். சீர்த் தட்டு ஒரு இடுப்பில், ஊறுகாய் ஜாடி ஒரு கையில்.

“உன்ன பஸ்ஸுல அனுப்ப எனக்கே ஒரு மாதிரியா இருக்குது சங்கரி. அடுத்த வாட்டி கண்டிப்பா…”

“வெயில் ஏறதுக்குள்ள சாப்டுடுங்க. இட்லி மூடி வெச்சிருக்கறேன்.”

பாவின் ஓரமாகப் புடவையை ஒதுக்கிக்கொண்டு அவள் தெருக்கோடி வரை நடந்து போனாள். உதயகுமார் பாவை விட்டு வர முடியாமல் நின்ற இடத்திலேயே நின்று, அவள் முனையில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். வந்து ஒரு தட்டையாவது தூக்கியிருக்கலாம். ஜாடியை நான்தான் வாங்கிக்கொண்டு கூடப் போனேன்.

வாலாஜாபாத் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். மொபெட்டில் போன ஹயாத் பாஷா எங்களைப் பார்த்துத் திடுக்கிட்டு நிறுத்தினார்.

“இன்னாமா இது, பஸ் ஸ்டாப்புல நிக்கற? நேத்து சாயங்காலம் ஊசி மாதிரி ஓடிச்சே வண்டி! மறுபடி இன்னா ஆச்சு? இரு, நானே போயி உதயாகிட்டக் கேக்கறேன்.”

பஸ் வந்துவிட்டது. சங்கரி படியில் ஒரு காலை வைத்து, என் கையிலிருந்த ஜாடியை வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அவர்கிட்டப் போயி ஒண்ணும் கேட்டுடாதீங்க பாய், பாவம். வண்டி நல்லாத்தான் இருக்குது. அவருக்குத்தான் கார் ஓட்டத் தெரியாது.”