நல்லுசாமி நெஞ்சை விரித்த கதை

பேசாமல் இருப்பதில் பொன்னழகை மிஞ்ச நாகல் நகரில் ஆள் கிடையாது. பத்து நாளாய்ப் புருஷன், டிராயிங் மாஸ்டர் நல்லுசாமியோடு ஒரு வார்த்தை இல்லை. சொல்ல வேண்டியதைத் தண்ணீர்ப் பானையிடம் சொல்வாள். "சோறு ஆறுதுன்னு சொல்லு" என்பாள். பானை சும்மா இருக்கும். மனுஷன் எழுந்து வந்து சாப்பிடுவார்.

காரணம் இதுதான். செம்பட்டியில் அவள் தம்பி சடையாண்டியின் பெண்சாதிக்குப் பேறுகாலம். தாயில்லாப் பெண். மூன்று மாசம் கூட இருந்து பார்க்கிறேன் என்றாள் பொன்னழகு.

"நீ போனா எனக்கு யாரு சோறாக்குவா?" என்றார் நல்லுசாமி.

சோறு ஒரு சாக்கு. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இரண்டே உருப்படி. அதில் ஒன்றும் போய்விட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமே என்று அவருக்குப் பயம். அதை வாய்விட்டுச் சொல்ல ஐம்பது வயது ஆம்பளைக்கு வெட்கம். ஆக, அவள் போகவில்லை. ஆனால் வீடு காலியாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கடிகாரச் சத்தம் ஒன்றுதான் கேட்கும். பாவம், தூக்கம்கூடப் போயிற்று மனுஷனுக்கு.

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் ஆசனப் புத்தகம் ஒன்று வாங்கினார். அதில் ஒட்டக ஆசனம். மண்டி போட்டு, கையை இடுப்பில் ஊன்றி, மார்பைத் தூக்கிப் பின்னால் வளைய வேண்டும். நெஞ்சு விரியும், மனக்கவலை தீரும். புதிதாகப் பழகுகிறவர்கள் முதுகைத் தாங்க ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். மனக்கவலை கிடக்கட்டும், அந்த ஒருவர்தானே அவருக்கு வேண்டும். முதுகைத் தாங்குகிறவள் வலிக்குதா என்றாவது கேட்டுத்தானே ஆக வேண்டும்?

சாயங்காலம் வெறும் வயிற்றோடு கூடத்தில் பாயை விரித்து மண்டி போட்டார். பானையைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

"முதுகைப் பிடிக்க ஆளில்லாம வளைஞ்சா இடுப்பு போயிருமாம். புஸ்தகத்துல போட்டிருக்கு."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. பொன்னழகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, புத்தகத்தை எடுத்து நின்றபடியே படித்தாள். பிறகு அவர் பின்னால் உட்கார்ந்து முதுகில் உள்ளங்கையை வைத்தாள். நல்லுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே பின்னால் வளைந்தார்.

"கழுத்தைத் தொங்கப் போடாதீங்க."

பேசிவிட்டாள். பானையிடம் இல்லை, அவரிடம்.

"சரி, சரி."

"மூச்சை அடக்காதீங்க. தொடை நேரா நிக்கட்டும்."

"நிக்குது புள்ள."

"இன்னுங் கொஞ்சம் சாயுங்க. நான்தான் பிடிச்சிருக்கேன்ல."

சாய்ந்தார். இப்போது ஆள் கனம் முழுக்க அவள் கையில்.

"ஏங்க, நான் செம்பட்டிக்குப் போயிட்டு வாரேன்."

"செத்த பொறு, எந்திரிச்சுக்கிறேன்."

"எனக்குக் கை வலிக்குது. எடுத்துரவா?"

"எடுத்துராத, எடுத்துராத."

"அப்பப் போகட்டுமா?"

"எம்புட்டு நாளைக்கு?"

"மூணு மாசம். கை நடுங்குதுங்க."

"போயிட்டு வா தாயி. போயிட்டு வா."

இரண்டு கையாலும் தாங்கி மெதுவாக நிமிர்த்தினாள். தலை கடைசியாக வரணும், இல்லாவிட்டால் கிறுகிறுக்கும் என்று பதமாகச் சொன்னாள்.

நல்லுசாமிக்கு நிஜமாகவே நெஞ்சு லேசாகிவிட்டது. போகட்டும், கிளம்ப நாலு நாளாவது ஆகும், அதுவரைக்கும் பேச்சு இருக்கும். நீ இல்லாம இந்த வீட்ல என்னால இருக்க முடியல என்று இன்றைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான். கொல்லையில் முகம் கழுவும்போது இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

வாசலில் சடையாண்டி டிரங்குப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"மத்தியானமே வந்துட்டான். உங்களுக்குப் பயந்துக்கிட்டு தெருமுனையில நின்னான்" என்றாள் பொன்னழகு, செருப்பை மாட்டிக்கொண்டே. "ஆறரை பஸ்ஸைப் பிடிக்கணும். வாரேங்க."

சொல்ல வந்தது ஒன்று. வேறொன்றுதான் வெளியே வந்தது.

"அப்ப என் முதுகை யாரு பிடிப்பா?"

"ஆளில்லாதவங்க பின்னால மெத்தையைச் சுருட்டி வச்சுக்கிரலாம்னு போட்டிருக்குங்க. சுருட்டி வச்சிட்டேன்."