கணையம் அண்ணாச்சி செய்யாத அற்புதம்

தென்காசி வட்டாரத்தில் கையை நீட்டியவர்களில் பாதிப் பேரின் ரத்தத்தையும், மீதிப் பேரின் பொறுமையையும் எடுத்தவர் கணையம் அண்ணாச்சி. அவர் ஊசி குத்தினால் வலிக்கவே வலிக்காது. வாயைத் திறந்தால்தான் எழுந்து போக முடியாது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவர் ரத்தம் எடுத்தார். அடுத்த மேஜையில் நான் ரிப்போர்ட் டைப் அடித்தேன். அவர் பையில் ஒரு பைபிளும், ஓரமெல்லாம் கிழிந்த உடலுறுப்புப் படம் ஒன்றும் எப்போதும் இருக்கும். "ஆண்டவர் நமக்கு ரெண்டு வேதம் குடுத்திருக்காரும்மா. ஒண்ணு பைக்குள்ள இருக்கு. இன்னொண்ணு சட்டைக்குள்ள இருக்கு" என்பார்.

செங்கோட்டை மர வியாபாரி ஒருவர், "எனக்கு யாரும் எதையும் சும்மா தரலைவே, எல்லாம் நான் உழைச்சது" என்று வாய்விட்டு மாட்டிக்கொண்டார்.

"மொதலாளி, சட்டையக் கொஞ்சம் தூக்குங்க" என்றார் அண்ணாச்சி. தூக்கினார். "இந்தத் தொப்புள் இருக்குல்லா? ஒம்பது மாசம் ஒரு வேலையும் பாக்காம உக்காந்து சாப்பிட்டதுக்கு இதுதான் அத்தாட்சி. இதுக்குப் பேருதான் கிருபை."

காத்திருந்த அத்தனை பேரும் குனிந்து அவரவர் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள்.

கட்டியோடு வந்து மூக்கைப் பொத்திய ஒருவரை, "சீழுன்னு மூக்கப் பொத்துதீரே, அவ்வளவும் உமக்காகச் சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணுவே! ஒரு மரியாதை வேண்டாமா?" என்று அதட்டினார். அந்த ஆள் அதற்குப் பிறகு கட்டியைத் தொட்டுக் கும்பிட்டதை நான் பார்த்தேன்.

சர்க்கரை பார்க்க வந்தவர்கள்தான் பாவம். வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். குற்றால சீசனில் அந்த நேரத்துக்குள் அருவியில் ஒரு குளியல் போட்டுவிடலாம் என்று துண்டோடு வருவார்கள். அண்ணாச்சி துண்டைப் பிடுங்கி வைத்துவிடுவார். "தண்ணியில ஆட்டம் போட்டா ரிசல்ட் மாறிரும். இங்கனயே இட்லியத் தின்னுட்டு உக்காருங்க." உட்கார்ந்தால் பிரசங்கம்.

அவருக்குப் பிரியமான உறுப்பு கணையம். "இரைப்பைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு நாள் முழுக்க வேலை பாக்கும், பேரு கேக்காது. எங்க சர்ச்சுக்கு ஃபேன் வாங்கிக் குடுத்தவரு மூணு எறக்கையிலயும் தன் பேர எழுதிட்டாரு. சுத்துனா படிக்க முடியலன்னு இப்ப ஃபேனப் போடவே விடமாட்டேங்காரு. விசுவாசின்னா ஃபேன் குடுத்தவரு மாதிரி இருக்கப்படாது. கணையம் மாதிரி இருக்கணும்."

அப்படி ஒரு நாள் மாட்டியவர் சிவகிரியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஏட்டையா. ஆறடி உயரம், அரையடி மீசை, பல வருஷச் சர்க்கரை. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவருக்கு அண்ணாச்சி கணையத்தில் ஆரம்பித்து, இதயத்துக்குப் போய், ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் ஓர் ஓய்வுநாள் இருப்பதை விளக்கி முடித்துத்தான் இரண்டாவது ரத்தம் எடுத்தார். ரிசல்ட்டைப் பார்த்தால் சர்க்கரை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு குறைந்ததே இல்லையாம்.

"யோவ், உம்ம பேச்சுலயே எறங்கிட்டுவே!" என்று ஏட்டையா எழுந்து நின்று ஒரு சல்யூட் அடித்தார்.

அவ்வளவுதான். ராயகிரி, சிவகிரி என்று ஊர் ஊராக ஆள் கிளம்பி வந்தது. ரத்தம் அப்புறம் எடுக்கலாம், முதலில் பேசுங்கள் என்று நெற்றியில் விபூதியோடு வந்து உட்கார்ந்தார்கள். எங்கள் நிலைய முதலாளி வெளியே இரண்டு பெஞ்சு கூடுதலாகப் போட்டார், அண்ணாச்சி படம் போட்டு ஒரு ஃபிளெக்ஸும் அடிக்கக் கொடுத்தார். "எல்லாம் அவர் செயல்" என்று அண்ணாச்சி வாய் சொன்னது. ஆனால் சட்டையில் இஸ்திரி ஏறியது, தலையில் மை ஏறியது. இதையெல்லாம் பார்த்துக் கேலி செய்த நானும் ஏட்டையாவின் அந்த ரிப்போர்ட்டை ஒழுங்காகப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, குற்றாலத்தில் குளித்துவிட்டு ஏட்டையா அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். லேசாக நொண்டினார். கால் கட்டைவிரலில் ஒரு துணிக்கட்டு.

"போன தடவை குளிக்கையில பாறை கீறிட்டு. பத்து நாளாச்சு. வலியே இல்லவே! மாத்திரையத்தான் நீரு சர்க்கரைய எறக்குன அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டேனே."

கட்டை அவிழ்த்த அண்ணாச்சியின் முகம் செத்துவிட்டது. விரல் கறுத்திருந்தது. "யம்மா, அன்னைக்கு உள்ள நோட்ட எடு" என்றார். எடுத்தேன். ஏட்டையா சாப்பிட்ட நேரம் ஏழு மணி. இரண்டாவது ரத்தம் எடுத்த நேரம் பதினொன்றரை. இரண்டு மணி நேரத்தில் எடுக்க வேண்டியதைப் பேசிப் பேசி நாலரை மணி நேரம் ஆக்கியிருந்தார். அவ்வளவு நேரம் போனால் சர்க்கரை தானே இறங்கும்; காலையில் போட்ட மாத்திரையும் அதற்குள் தன் வேலையைப் பார்த்துவிட்டது.

பெஞ்சுகளில் முப்பது பேர் இருந்தார்கள். முதலாளி கையில் ஃபிளெக்ஸ் இருந்தது.

"ஏட்டையா, அது அற்புதம் இல்ல. என் தப்பு. நேரத்துக்கு ரத்தம் எடுக்காம பேசிக்கிட்டே இருந்துட்டேன்."

"சும்மா இரும்வே. நான் நம்புதேன்."

"நான் நம்பல ஏட்டையா! இப்பவே டாக்டர்கிட்ட போவலன்னா வெரலு போயிரும், காலும் போயிரும். மாத்திரையப் போடுங்க!"

ஏட்டையா அசையவில்லை. அண்ணாச்சி மண்டி போட்டு உட்கார்ந்து, அந்தப் பெரிய காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சலைன் ஊற்றிக் கழுவ ஆரம்பித்தார். எந்தக் கொம்பனுக்கும் அசையாத ஏட்டையா பதறிப்போய், "யோவ், எந்திரியும்வே! போதேன், போதேன், ஆஸ்பத்திரிக்கே போதேன்!" என்று கத்தினார்.

அவர் போன பிறகு அண்ணாச்சி தரையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "நானும் எறக்கையில பேர எழுதிட்டேன்மா" என்றார். அந்த வருஷங்களில் அவரைப் பார்த்துச் சிரிக்காமல் நான் அழுதது அந்த ஒரு தடவைதான்.

விரல் பிழைத்தது. முதலாளி அண்ணாச்சியை வேலையை விட்டு அனுப்பப் பார்த்தார். ஏட்டையா வந்து எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மீசையை மட்டும் தடவிக்கொண்டிருந்தார். முதலாளி மனம் மாறினார். பிரசங்கம் தொடர்ந்தது, ஒரே ஒரு வித்தியாசம். சமையல்கட்டு டைமர் ஒன்றைக் கயிற்றில் கோத்து அண்ணாச்சி கழுத்தில் மாட்டிக்கொண்டார். பிரசங்கம் சிலுவை வரை வந்திருந்தாலும் டைமர் மணியடித்தால் பாதியில் நிறுத்திவிட்டு ஊசியை எடுப்பார்.

இப்போது நான் சென்னையில் ஒரு பெரிய பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே அந்த இரண்டு மணி நேரமும் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அண்ணாச்சி நினைப்பாகவே இருக்கிறது.

இவ்வளவு எழுதியும் அவர் நிஜப் பெயரைச் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். எழுதியிருப்பேன். "பேரு எதுக்கு, ஃபேன ஓட விடும்மா" என்பார்.